தேக்கு வாங்கப் போகிறீர்களா? டேப்பும் ஆசாரியும் கூட வரட்டும்

எட்டு வருஷத்துக்கு முன் மாடி எடுத்தபோது, ஒரு கடையில் அறுத்து அடுக்கியிருந்த சட்டத்தை அப்படியே வாங்கி நிலை செய்தேன். "நல்லாக் காய்ஞ்ச மரம்" என்றார்கள். அடுத்த கோடையில் நிலை முறுக்கிக்கொண்டது. இன்றும் அந்தக் கதவைத் தோளால் இடித்துத்தான் சாத்துகிறேன். அதனால் தென்காசியில் கட்டும் புது வீட்டுக்கு முழுத்தடி வாங்கி, கண்ணெதிரே அறுத்துக்கொள்வது என்று முடிவு செய்து, செங்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு பழைய மரவாடிக்குப் போனேன்.

முதலில் பிடித்தது முதலாளியின் பேச்சு. மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத் தேக்கு எது, கப்பலில் வந்த ஆப்பிரிக்கத் தேக்கு எது என்று கேட்காமலே பிரித்துக் காட்டினார். தடி பருக்கப் பருக்கக் கன அடி விலையும் ஏறும் என்பதையும் அவரே சொன்னார். நான் ஆசைப்பட்ட தடியின் வெட்டுமுனையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்த எங்கள் ஆசாரி, "டீச்சர், இதுல ஓரத்து வெள்ளை மரம் ஜாஸ்தி. பூச்சி அதுலதான் விழும். பக்கத்துத் தடியப் பாப்போம்" என்றார். முதலாளி முகம் சுளிக்கவில்லை. அதற்கே ஒரு மார்க்.

அப்புறம் அளவு. கணக்கு டீச்சருக்கே இங்கே கொஞ்சம் தலை சுற்றியது. தடியின் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்கிறார்கள். என் தடி 48 அங்குலச் சுற்று, 8 அடி நீளம். 12 × 12 × 8 / 144, ஆக 8 கன அடி. வட்டமாகக் கணக்குப் போட்டால் பத்துக்கு மேலே வரும். நமக்கு லாபம்தானே என்று நினைத்தேன். அறுத்து முடித்தபோது உருப்படியான சட்டமாகக் கையில் வந்தது நாலே முக்கால்தான். தலைவாசல் நிலைக்கு மட்டும், 5-க்கு 3 அங்குலத்தில், 21 அடி வேண்டும். அதுவே 2.19 கன அடி. அறுத்த சட்டத்தின் விலையைத் தடி விலையோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடியை டிராலியில் ஏற்றி, ஆப்பு வைத்து இறுக்கி, பேண்ட் சா என்கிற பட்டை ரம்பத்துக்குள் தள்ளினார்கள். முதல் பக்கப்பலகை விழுந்ததும் தோல் பை திறந்தது போல ஒரு வாசனை. உள்ளே தேன் நிறத்தில் கறுப்புக் கோடு ஓடியது. ஆசாரி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நடுக்குருத்து சட்டத்துக்குள் வந்தால் வெடிக்கும் என்று தடியைப் புரட்டிப்போட வைத்து, இழைப்புக்குக் கால் அங்குலம் சேர்த்துக் கோடு போட்டுக் கொடுத்தார். மூன்றாவது அறுப்பில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம்: எப்போதோ யாரோ அடித்த ஆணி. வாள் மாற்ற ஒரு மணி நேரம் போனது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

குறையும் உண்டு. வாள் பக்கம் நிற்கிற பையன் காதுக்கோ மூக்குக்கோ ஒன்றும் போடவில்லை. கேட்டால் சிரிக்கிறான். பக்கப்பலகையை அவர்களே ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். அது தடிக்குக் காசு கொடுத்தவருடையது, கேட்டு வாங்கினேன். பில்லும் இரண்டு முறை கேட்ட பிறகுதான் வந்தது.

மாலையில் சட்டமெல்லாம் வீட்டுக்கு வந்தன. முனைகளில் பழைய பெயிண்டைத் தடவி, இடையிடையே ரீப்பர் துண்டு கொடுத்து, வெயில் படாத திண்ணையில் அடுக்கியிருக்கிறோம். நிலை வைக்க வைகாசியில் நாள் பார்த்தாயிற்று என்று மாமியார் அவசரப்படுத்துகிறார். ஞாயிறுதோறும் வந்து தட்டிப் பார்க்கும் ஆசாரி இதுவரை சொன்னது ஒன்றே ஒன்று: "ஆவணிக்குப் பாருங்கம்மா."