விமானத்தில் காது அடைப்பு: விழுங்குவதா, ஊதுவதா, ஸ்பிரேயா, குளிசையா?

கட்டுநாயக்காவில் ஏறும் ஜெட் விமானம் மேலே போனதும், அதற்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரமான மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கிருந்து வாகனத்தில் மணிக்கணக்காக இறங்கும் உயரத்தை விமானம் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடும். நடுக்காதுக்குக் காற்றுப் போக ஒரே வழி, மூக்கின் பின்னால் திறக்கும் ஊஸ்டேசியன் குழாய்தான். ஏறும்போது காற்றுத் தானாக வெளியேறும். இறங்கும்போது விழுங்கினால், கொட்டாவி விட்டால்தான் உள்ளே போகும். தடிமன் பிடித்திருந்தால் குழாயின் வாய் வீங்கிக்கிடக்கும்.

பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதுகிறார்கள். மெதுவாக ஊதினால் உதவும். கன்னம் லேசாக உப்பினால் போதும். முக்கி ஊதினால் உட்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம், சளியும் காதுக்குள் போகும். ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தி விழுங்குவது அதைவிடப் பாதுகாப்பு. தசையே குழாயை இழுத்துத் திறக்கும். எதைச் செய்தாலும் இறங்கத் தொடங்கியவுடனே செய்யவேண்டும். அழுத்த வேறுபாடு 90 மில்லிமீற்றர் பாதரச அளவைத் தொட்டால் குழாய் பூட்டிக்கொள்ளும். பிறகு விழுங்கியும் பயனில்லை. நித்திரையில் குறைவாகவே விழுங்குவோம் என்பதால் அந்த நேரத்தில் விழித்திருங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், சூப்பி கொடுக்கலாம்.

தடிமனோடு பறப்பவருக்கு விழுங்குவது மட்டும் காணாது. ஆய்வுகளில் பெரியவர்களுக்குக் காதுவலியைத் தெளிவாகக் குறைத்தது, மூக்கடைப்புக்கு எடுக்கும் சூடோஎபெட்ரின் குளிசை. மூக்கு ஸ்பிரே அவ்வளவு பலன் காட்டவில்லை. சிறுவர்களுக்குக் குளிசையாலும் பலன் தெரியவில்லை. ஆனால் இரத்த அழுத்தம், இருதய நோய், கண் அழுத்தம், சிறுநீர்த்தடை உள்ளவர்களுக்கு அந்தக் குளிசை ஆகாது. வைத்தியரைக் கேட்காமல் எடுக்கவேண்டாம். பிரிற்றன் குளிசை போட்டுக்கொண்டு ஏறுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒவ்வாமைக்கு அது சரி, தடிமன் வீக்கத்துக்கு உதவாது; நித்திரையையும் வரவைக்கும்.

ஒக்சிமெற்றசோலின் என்ற மூக்கு ஸ்பிரேயைப் பாவிப்பதென்றால் முறையாகப் பாவியுங்கள். மூக்கைச் சிந்தி, தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் காதுப்பக்கம் சாய்த்து அடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தரம்: முதல் தரம் முன்பகுதி சுருங்கும், இரண்டாவதுதான் பின்னால் போய்ச்சேரும். இறங்கத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன் அடிக்கவேண்டும். பலாலி–சென்னைப் பறப்பு குறுகியது, ஏறுமுன்னரே அடித்துவிடலாம். லண்டன் பயணத்தில் ஏறுமுன் அடித்தது இறங்கும்போது தேய்ந்திருக்கலாம். 10 மில்லிலீற்றர் போத்தலைக் கைப்பையில் வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கும்.

வடிகட்டியுள்ள காதுச்செருகி அழுத்தம் மாறும் வேகத்தை மட்டும் குறைக்கும், நடுக்காதுக்குள் காற்றை அனுப்பாது. பஞ்சும் சுடவைத்த எண்ணெயும் செவிப்பறையைத் தாண்டாது.

இறங்கியபின் ஒரு காது மந்தமாக இருந்தால், வாயை மூடி 'ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அநேகமாக நடுக்காது அடைப்பு, சில நாளில் சரியாகும். சத்தம் நல்ல காதுப்பக்கம் போனாலோ, தலைசுற்றலோ இரைச்சலோ சேர்ந்தாலோ உட்காதில் பிரச்சினை இருக்கலாம். அதற்கான ஸ்டீரொய்ட் சிகிச்சையை நாள் கடத்தாமல் தொடங்குவது முக்கியம். அன்றே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள். அதுவரை மூக்கைப் பொத்தி ஊதவேண்டாம்.