வெள்ள நிவாரணத்துக்கு: சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியா, மக்களிடம் திரட்டுவதா?

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் சென்னையை மூழ்கடிக்கும்போது சிறிய குழுக்களுக்கு எழும் கேள்வி இது.

வேகம்: மக்களிடம் கேட்டால் ஓரிரு நாளில் பணம் வரத் தொடங்கும். சிஎஸ்ஆருக்கு முன்மொழிவு, ஒப்புதல் என்று வாரங்கள் ஓடும்.

காகித வேலை: நிறுவனங்கள் சட்டம் 2013, 135ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், பேரிடர் நிவாரணமும் அதில் சேரும். ஆனால் அதைப் பெற அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிப் பதிவுகளும், சிஎஸ்ஆர் பணி செய்யப் பதிந்ததற்கான சிஎஸ்ஆர்-1 எண்ணும் தேவை. மழை கொட்டும்போது ஓடினால் நடக்காது, ஜூனிலேயே முடித்து வையுங்கள். மக்களிடம் திரட்டும்போது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம், கவனம்.

நீடிப்பு: செய்தி அடங்கியதும் மக்கள் தரும் நன்கொடை வற்றிவிடும்.

அதனால் முதல் வாரச் சாப்பாடு, பாய், மருந்துக்கு மக்கள். அப்புறம் வீடு சீரமைக்க சிஎஸ்ஆர். பதிவே இல்லாத தெருக்குழுவா? பதிவுள்ள அறக்கட்டளையோடு சேர்ந்து இறங்குங்கள்.