சுங்கை சிப்புட் பராமரிப்புப் பாதுகாப்புப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

செம்பனை எண்ணெய் ஆலைகளில் பாய்லர், ஸ்டெரிலைசர் (செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் அழுத்தக் கலன்) பராமரிப்பைக் கவனிப்பவர்களுக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழிலேயே நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சிக்கு எங்கள் ஆலையிலிருந்து சென்றிருந்தோம். தலைக்கவசம், கையுறை என்று வழக்கமான பாடத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, முற்பகல் முழுவதும் அமெரிக்க அணு ஏவுகணைப் பராமரிப்புக் குழுக்களைப் பற்றியே விரிவாகச் சொன்னார் பயிற்றுநர்.

1980 செப்டம்பர் 18 மாலை, அர்க்கன்சா மாநிலத்தின் டமாஸ்கஸ் அருகே, டைட்டன் 2 அணு ஏவுகணையின் நிலத்தடிக் கிடங்கில் விமானப்படை ஊழியர் ஒருவரின் கருவியிலிருந்து நட்டைக் கவ்வும் சாக்கெட் கழன்று, சுமார் 24 மீட்டர் கீழே விழுந்து, தெறித்து எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் அதிகாலை கிடங்கு வெடித்ததில் ஒருவர் இறந்தார், 21 பேர் காயமடைந்தனர். 9 மெகாடன் அணுகுண்டு வெளியே தூக்கி எறியப்பட்டும் வெடிக்கவில்லை. ஏறக்குறைய அதே மூன்றரைக் கிலோ எடையுள்ள சாக்கெட் ஒன்றை எங்கள் கைக்குக் கை மாற்றிக் கொடுத்தபோது, அரங்கில் பேச்சு நின்றுவிட்டது. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அப்போது அங்கே புதிய விதி. அது லாரியில் தங்கிவிட்டதால் பழைய ராட்செட்டை எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை இப்படித்தான் நடக்கிறது என்று மூத்த ஃபிட்டர் ஒருவர் எழுந்து சொன்னார். கருவியைப் பிடித்தவர்கள் மீது பின்னர் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அடுத்த முறை கைதவறுகிறவர் அதை உடனே சொல்லத் துணிவாரா என்று பயிற்றுநர் கேட்ட கேள்விதான் இப்பயிற்சியின் உயிர்நாடி.

2007 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படையின் மைனாட் தளத்திலிருந்து பார்க்ஸ்டேல் தளத்துக்கு ஆறு அணுகுண்டுகள் யாருக்கும் தெரியாமல் விமானத்தில் சென்று, சுமார் 36 மணி நேரம் உரிய காவலின்றிக் கிடந்த நிகழ்வும் விளக்கப்பட்டது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமலே பணியை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டதே காரணம். ஸ்டெரிலைசர் கதவைத் திறக்குமுன் நீராவி அழுத்தம் முழுமையாக இறங்கியதை நேரில் பார்க்காமல் செக்லிஸ்ட்டில் கையெழுத்திடுவதும் இதே குற்றம்தான் என்று பயிற்றுநர் சொன்னதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன்.

பிற்பகல் இந்தத் தரத்தில் இல்லை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்ற சட்ட உரிமை மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒரு மணி நேரம் பேசவேண்டிய அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். உணவும் இடமும் நன்று. துப்புரவுக்காகக் கலன்களுக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒருவர்கூட அழைக்கப்படாதது பெருங்குறை. தவறைச் சொன்னவரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் மேலாளர்களும் அடுத்த முறை எங்களோடு முற்பகல் முழுவதும் அமர்வார்கள் என்றால், எந்தத் தோட்டத்து ஆலையும் தயங்காமல் ஆட்களை அனுப்பலாம்.