ஏக்கரை விற்பதா, மனையை அடமானம் வைப்பதா?

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே கீழ்பவானி வாய்க்கால் பாயும் மூன்று ஏக்கர் தோட்டமும், டவுனில் அப்பா பெயரில் ஐந்து செண்டு மனையும்தான் எங்கள் சொத்து. 2025 ஏப்ரலில் முதுகலைப் படிப்புக்காக நான் தனியே ஜெர்மனிக்குப் புறப்பட வேண்டியிருந்தபோது, பணத்துக்கு இரண்டு வழிகள் தெரிந்தன: தோட்டத்தில் ஓர் ஏக்கரை விற்பது, அல்லது மனையைப் பிணையாக வைத்துக் கல்விக் கடன் பெறுவது. நாங்கள் கடன் வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் எனக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்னும் கணக்கில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அன்றைய மதிப்பில் அது பத்தரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. விமானச் சீட்டு, காப்பீடு, அறைக்கான முன்பணம் எல்லாம் சேர்த்து 14 லட்சம் என்று கணக்கிட்டோம்.

விற்பதன் நன்மைகளை விளக்க வேண்டியதில்லை. வட்டியும் தவணையும் இல்லை. நகர எல்லையிலிருந்து விலகிய கிராமப்புற விவசாய நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரியும் இல்லை. அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் கடனில்லாமல் படுத்து உறங்குவது சிறிய நிம்மதி அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்களைத் தடுத்தது, எந்த ஏக்கர் விலைபோகும் என்ற கேள்வி. கேட்டு வந்தவர்கள் எல்லோரும், இட்டேரியை (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை) ஒட்டி, அப்பாரு (தாத்தா) வெட்டிய கிணறு இருக்கும் ஏக்கரைத்தான் கேட்டார்கள். அதைக் கொடுத்துவிட்டால், மீதி இரண்டு ஏக்கருக்குக் கிணற்றில் பங்கும் போகவரத் தடமும் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுதி வாங்கினாலும், வாய்க்காலில் தண்ணீர் விடாத மாதங்களில் அடுத்தவருடைய மோட்டாரின் முறைக்குக் காத்திருந்துதான் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்ட முடியும். பின்னால் இருக்கும் ஏக்கரைக் கொடுக்கலாம் என்றால், தடமில்லாத காட்டுக்கு (விளைநிலத்துக்கு) பாதி விலைதான் சொன்னார்கள். அதாவது, விற்பது ஓர் ஏக்கர் என்றாலும் மதிப்பு இழப்பது மூன்று ஏக்கரும்.

அப்படியானால் தோட்டத்தையே பிணையாக வைக்கலாமே என்று வங்கியில் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். பொதுத்துறை வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கின்றன. ஆனால் கடன் வராக்கடனாகும்போது நீதிமன்றம் போகாமலே பிணையைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. பத்து ஏக்கர் தோட்டக்காரரைவிட ஐந்து செண்டு மனைக்காரருக்கு இந்தக் கடன் எளிது என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். மனைக்கும் அலைச்சல் உண்டு: பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் காணாமல் போயிருந்ததால் அதற்கு நகல் பெற்று, வில்லங்கச் சான்று எடுத்து, வங்கி வழக்கறிஞரின் கருத்து வருவதற்குள் இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன.

தவணை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தொடங்கும். வட்டியோ முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. இங்கே மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்பதால், அந்த வட்டியை மாதந்தோறும் என் பகுதிநேர ஊதியத்திலிருந்து கட்டிவிடுகிறேன். (வட்டிக்கு 80ஈ பிரிவில் வருமான வரிக் கழிவு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள், விவசாய வருமானம் மட்டுமே உள்ள வீட்டில் அதை வைத்து என்ன செய்வது?) படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதங்கள் அனுமதி உண்டு. அதற்குள் வேலை அமையாமல், ஊர் திரும்பி ரூபாய்ச் சம்பளத்தில் கடனை அடைக்கும் நிலை வந்தால் என் கணக்கு எவ்வளவு தாங்கும் என்பதை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. கல்விக் கட்டணமே பல லட்சம் ஆகும் நாடுகளுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

மனையும் இல்லாதவர்கள், விற்பதற்கு முன் போக்கியத்துக்கு விடுவதைப் பற்றி (மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, கெடு முடியும்வரை நிலத்தை அவர்களே அனுபவிக்கக் கொடுப்பது) பங்காளிகளிடம் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பெரியப்பா சொன்ன போக்கியத் தொகை எனக்குத் தேவையானதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் கெடு முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காடு கிணற்றோடு திரும்பி வந்துவிடும்.