சகரியாவுக்காக வாங்கலாம்

கிறிஸ்துமஸுக்கு முன் ஆயத்தப்படும் திருவருகைக் காலத்துக்கென்று வாங்கிய தினத்தியானக் கையேடு இது. டிசம்பர் 1-இல் தொடங்குகிறது. திருவருகையின் முதல் ஞாயிறோ நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாளிலும் வரலாம். சில ஆண்டுகளில் நான்கு நாள் துண்டு விழும். பதிப்பகத்தார் காலண்டரைப் பார்க்கவில்லை போலும்.

ஆனாலும் யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவின் பக்கங்களுக்காகவே வாங்கலாம். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னதை நம்பாத ஆசாரியன் மாதக்கணக்கில் ஊமையாகிறான். எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதிய பிறகே நாவு கட்டவிழ்கிறது (லூக்கா 1:63, 64). அதற்குக் கீழே அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தாலே வேண்டுதல் பட்டியல் வாசிக்கும் எனக்கு அது நன்றாகவே உறைத்தது.

மேய்ப்பர்கள், ஞானிகள் பகுதிகள் வழக்கமான பிரசங்கம்தான். தாள் மெல்லியது, மை மறுபக்கம் ஊறுகிறது, பென்சிலே உத்தமம்.