தேரிப் புழுதிக்கு ஒரு ஆயில், ஐப்பசி மழைக்கு ஒரு ஆயில்

நம்மூரில் சைக்கிள் செயினுக்கு ஒரே ஆயிலை வைத்து வருஷம் முழுக்க ஓட்ட முடியாது என்பதுதான் என் அனுபவம். வேலைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி, லீவு நாளில் திசையன்விளை, உவரி, சீசனில் குற்றாலம் என்று கியர் சைக்கிளில் பல வருஷமாகப் போய்வருகிறேன். கைக்குக் கிடைத்ததை எல்லாம் செயினில் விட்டுப் பார்த்தாயிற்று.

வீட்டில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய். விட்டதும் சத்தம் அடங்கும், ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. மார்கழி விடியலில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையவும் செய்யும். நல்லெண்ணெய் பக்கமே போக வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ தேவலை. மெல்லியது என்பதால் ரோலருக்குள், அதாவது கண்ணிகளில் உருளும் சின்ன உருளைக்குள், சட்டென்று இறங்கும். என்ன, அடிக்கடி விட வேண்டும். பைக்கிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் சிலர் இன்னும் ஊற்றுகிறார்கள். அதில் ஏற்கெனவே கரியும் இரும்புத்துகளும் கிடக்கும். ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் செய்த கரைசல் அது. அழுக்கை எடுக்க, இறுகிய நட்டைக் கழற்ற அருமை. அந்த நீல டப்பாவை மட்டும் நம்பிச் செயினை ஓட்டினால் சீக்கிரமே கீச்சுச் சத்தம் திரும்பிவிடும்.

இங்கே பெரிய எதிரி புழுதிதான். ஆடிக்காற்றில் திசையன்விளை போய் வந்ததும் செயினைத் துணியால் பிடித்துப் பெடலைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு மசிக்குள் சிவப்பாகத் தேரிமணல் (அந்தப் பக்கத்துச் செம்மணல் மேட்டு மணல்) இருக்கும், விரலில் தேய்த்தால் நறநறக்கும். வெளித்தகட்டில் எண்ணெய் வழிந்தால் இந்த மணல் அத்தனையும் அதில் ஒட்டி, மெல்ல உள்ளே போகும். செயின் தேய்வதோ கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்கும் ரோலருக்கும் நடுவில். எண்ணெயும் அங்கேதான் வேண்டும். எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணாச்சி சொல்வார்: “தம்பி, செயினுக்கு எண்ண குடிக்கத்தான் குடுக்கணும், தேச்சுக் குளிப்பாட்டப்படாது.” ரோலருக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதை வறட்டுத் துணியால் துடைத்துவிடுவார். நானும் அப்படியே.

தை முதல் புரட்டாசி வரை எனக்கு மெழுகு கலந்த டிரை லூப், அதாவது காய்ந்து படியும் செயின் ஆயில். அதை ராத்திரியே விட்டுவிட வேண்டும். கரைப்பான் ஆவியாகி மெழுகு படிய நேரம் பிடிக்கும். கிளம்பும்போது விட்டால் வீண். பாரஃபின் மெழுகை உருக்கிச் செயினை முக்குவது இன்னும் சுத்தம், கையில் மை ஒட்டாது. ஆனால் முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். மெழுகையும் நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கு எப்போதாவதுதான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் குற்றாலச் சாரலுக்கும் இந்த மெழுகு நிற்காது. அப்போது காயாமல் எண்ணெயாகவே நிற்கும் கெட்டியான வெட் லூப். உவரி உப்புக்காற்றுக்கும் அதுதான், மெழுகு மட்டும் போட்டுப் போனால் துரு பிடித்துவிடும். அழுக்கு கூடுதலாகச் சேரும், அடிக்கடி துடைக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஆயில் எதுவானாலும் தேயத் தேயச் செயின் நீளும், அதை அளக்க ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 1/8 வரை விட்டால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து செலவு வைக்கும்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்கும், ஹேண்டில் திரும்பும் இடத்துக் கப்புக்கும் லித்தியம் கிரீஸ் போதும், வண்டியை முழுசாகக் கழற்றிச் சர்வீஸ் செய்யும்போது மாற்றினால் சரி. பின்பக்கப் பல்சக்கரம் இருக்கும் ஃப்ரீவீலுக்குள் மட்டும் கெட்டி கிரீஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் நாக்குகள் ஒட்டிக்கொண்டு பெடல் வெறுமனே சுற்றும். அங்கே அந்தத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு. அப்புறம், டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஸ்ப்ரே அடிக்கும் முன் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள்.