ஓசூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்: வெளிநாட்டுக் கம்பெனி வேலைக்கு எப்படி?

நான் வேலை பார்க்கும் இடம் ஓசூர். தாய்க் கம்பெனி ஜப்பான், வண்டிக்கான சின்னச் சின்ன உலோகப் பாகங்கள் செய்பவர்கள். இங்கே கம்பெனி ஆரம்பித்தபோது பதிவு, வரி, ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய ஃபாரம் என்று எல்லா வேலையையும் பாகலூர் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஒப்படைத்தோம். குறையும் சேர்த்தே எழுதப் போவதால் பெயர் போடவில்லை. சூளகிரி, பர்கூர், குருபரப்பள்ளி சிப்காட் பக்கம் வெளிநாட்டு முதலாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களிடம் அட்மினிலோ அக்கவுண்ட்ஸிலோ சேர்கிற நம்ம பிள்ளைகள் "எந்த ஆடிட்டரைப் பிடிக்கலாம்" என்று கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஜப்பான்காரர்கள் பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸைத்தான் பார்த்திருந்தார்கள். கண்ணாடிக் கட்டிடம், அழகான பிரசன்டேஷன், எல்லாம் சரி. ஆனால் அவர்கள் அனுப்பிய மாதிரி சம்பளக் கணக்கில் தொழில் வரி என்று மாதம் 200 ரூபாய் பிடித்திருந்தது. அது கர்நாடகக் கணக்கு. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, அதுவும் அந்தந்த மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ கட்ட வேண்டியது, அதிகபட்சம் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம் என்பது அந்த ஆபீஸுக்கு உறைக்கவே இல்லை. சம்பளக் கணக்கிலேயே இப்படி என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தொழிற்சாலை வரைபட அனுமதி என்று முழுக்க தமிழ்நாட்டு வேலையாக வரும்போது என்ன ஆகும்?

உள்ளூர் ஆடிட்டர் முதல் சந்திப்பிலேயே ஒரு நல்ல காரியம் செய்தார். ஜப்பான்காரர்கள் "முதலில் ஒரு லையசன் ஆபீஸ் போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டார்கள். "அது வெறும் தொடர்பு ஆபீஸ் சார், ஒரு பைசா வருமானம் பார்க்கக் கூடாது. பிராஞ்ச் போட்டால் இங்கே உற்பத்தி பண்ண முடியாது, வரியும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு 35 சதவீதம். இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் என்றால் அடிப்படை 22, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.17" என்று நேராகச் சொல்லிவிட்டார். புது உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதம் என்று அவர்கள் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார்கள். அது 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி ஆரம்பித்தவர்களுக்கு மட்டும்தான் என்று அதையும் அங்கேயே முடித்துவைத்தார். வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஆசை காட்டவில்லை, எனக்கு அது பிடித்தது.

அப்புறம் டைரக்டர் விஷயம். குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும், அதில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும். சில ஆபீஸ்களில் அவர்களே ஒரு ஆளைப் போட்டு, அதற்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்கள். இவர் மறுத்துவிட்டார். நாளைக்கு பி.எஃப். கட்டவில்லை, டி.டி.எஸ். கட்டவில்லை என்றால் நோட்டீஸ் அந்த டைரக்டர் பெயருக்கும் வரும், சும்மா கையெழுத்துப் போடுகிற பதவி இல்லை அது, உங்கள் ஆளையே போடுங்கள் என்றார். கணக்கு எழுதும் வேலையை அவர் ஆபீஸே பார்ப்பதால் சட்டப்படியான தணிக்கைக்கு வேறு ஆடிட்டரைத்தான் போட வேண்டும், இரண்டையும் ஒருவரே செய்யக் கம்பெனிச் சட்டம் விடாது என்பதையும் தானாகவே சொன்னார். தனக்கு வரும் ஃபீஸைக் குறைத்துக்கொள்கிற மாதிரியான உண்மையை எத்தனை பேர் முதல் நாளே சொல்வார்கள்?

பதிவு செய்வது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை, எல்லாம் ஆன்லைன். ஜப்பானிலிருந்து வரும் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி, வெளிநாட்டில் செல்லுபடியாக அந்த நாட்டு அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அங்கேதான் நாள் இழுக்கும். நிஜமான வேலை பணம் வந்த பிறகு. முதலீட்டுப் பணம் வங்கியில் விழுந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தாய்க் கம்பெனிக்குப் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள், ஒதுக்கியதை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் ஃபாரம் போக வேண்டும். தொழில் தொடங்கும் அறிவிப்பு, கம்பெனி பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.எல்.ஏ. ரிட்டர்ன், அதாவது வெளிநாட்டு முதலீட்டுக் கணக்கு. இதை எல்லாம் ஆபீஸில் இருக்கும் கம்பெனி செக்ரட்டரி அம்மா ஒரு ஏ4 தாளில் பேனாவாலேயே எழுதி, எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை மட்டும் சிவப்பில் கோடு போட்டு, "இதை உங்க டேபிள் எதிரில் ஒட்டிக்கோங்க தம்பி, அந்த 60 நாளைப் பணம் வந்த தேதியிலிருந்து எண்ணுங்க, அக்ரிமெண்ட் தேதியை மறந்துடுங்க" என்று என் கையில் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் ஒட்டியே இருக்கிறது.

அந்த 30 நாள் கேட்கும்போது தாராளமாகத் தெரியும். பணம் அனுப்பிய ஜப்பான் வங்கி, அனுப்பியவர் யார் என்று உறுதி சொல்லும் ஒரு கே.ஒய்.சி. அறிக்கை கொடுக்க வேண்டும், அதை நம்ம ஊர் வங்கிக் கிளை வாங்கித் தர வேண்டும், அந்தக் கிளையில் யாருக்கும் இது வழக்கமான வேலை கிடையாது. அந்த அம்மா பங்கு ஒதுக்குவதற்கு முன்பே அந்த அறிக்கையைக் கையில் வாங்கிவைத்துவிட்டார். லேட் ஆனால் 7,500 ரூபாயோடு, தொகையையும் தாமதமான காலத்தையும் பொறுத்து மேலும் கட்ட வேண்டியிருக்கும். பதிவு மட்டும் செய்துவிட்டு ஓடிவிடும் மலிவு பேக்கேஜ்காரர்களிடம் மாட்டியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஃபீஸ் விஷயத்தில் தெளிவு போதாது. முதலில் கொடுத்த கொட்டேஷனில் பதிவும் மாதாந்திரக் கணக்கும் மட்டும்தான் இருந்தது. எஃப்சி-ஜிபிஆர் தனி பில், பங்குகளை டீமேட், அதாவது காகிதம் இல்லாத மின்னணுப் பங்கு, ஆக்கியது தனி பில். டீமேட் எங்களுக்குத் தேவையா என்று கேட்டால், தேவைதான். இன்னொரு கம்பெனியின் துணைக் கம்பெனியாக இருந்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சட்டத்தில் 'சிறு கம்பெனி' சலுகை கிடையாது, அதனால் காகிதப் பங்கை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அது முதல் நாளே தெரிந்த விஷயம் தானே, கொட்டேஷனிலேயே போட்டிருக்கலாம் இல்லையா? ஜப்பானுக்கு ஒவ்வொரு கூடுதல் பில்லையும் விளக்கி மெயில் எழுதுவதே எனக்கு ஒரு வேலையாகப் போய்விட்டது.

இரண்டாவது, நிலம். ராயக்கோட்டை பக்கம் ஒரு இடம் வந்தபோது, தாய்க் கம்பெனி பெயரில் விவசாய நிலம் வாங்கவே முடியாது என்பதை ஆடிட்டர் சரியாகச் சொன்னார். ஆனால் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா பார்க்க அவருக்குத் தெரிந்த வக்கீலிடமே தள்ளிவிட்டார், அந்த வக்கீல் பார்த்த லட்சணம் எனக்குத் திருப்தி இல்லை. உட்பிரிவில் ஒரு துண்டு ஓடைப் புறம்போக்காக இருந்ததை எங்கள் ஊர் பெரியவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தவுடனே சொன்னார். நிலத்துக்கு நீங்களே தனியாக ஒரு சிவில் வக்கீலைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சிப்காட்டில் 99 வருஷக் குத்தகை, தலைவலி குறைவு. நாங்கள் கடைசியில் அதற்குத்தான் போனோம்.

மூன்றாவது, செப்டம்பர், அக்டோபரில் போனை எடுக்கவே மாட்டார்கள். ஆடிட் சீசன், புரிகிறது. ஆனால் அப்போதுதான் ஜப்பானிலிருந்து, கடனாகக் கொஞ்சம் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். கடன் என்றால் வேறு விதி, ரிசர்வ் வங்கியிடம் கடன் பதிவு எண் வாங்கும் முன்பே பணம் இறங்கக் கூடாது. பதில் வரும் வரை "அனுப்பாதீங்க, அனுப்பாதீங்க" என்று நான்தான் தடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்க் போடச் சொன்னால் அஞ்சுக்கு மூன்றரை. வேலைத் தரத்துக்கு நாலரை கொடுப்பேன், பில் போடுகிற விதம் ஒன்றைத் தின்றுவிட்டது. சீனா மாதிரி நம்மோடு நில எல்லை உள்ள நாட்டுப் பணம் என்றால் மட்டும் இவர்களிடம் போக வேண்டாம் என்பேன். 2020-லிருந்து அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி கேட்கும் வழி, டெல்லியில் பழக்கம் உள்ள ஆபீஸ் வேண்டும், இவர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஜப்பான், கொரியா என்றால் தாராளமாகப் போகலாம். போகும்போது எஃப்சி-ஜிபிஆர், டீமேட், எஃப்.எல்.ஏ. மூன்றும் ஃபீஸுக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.